மாத்திரை கொடுத்த கை

நான் செய்த பெரிய அறுவை சிகிச்சைகளைப் பற்றி, நம் பிரிவில் இப்போது பயிற்சியில் இருக்கும் நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவற்றைச் சொல்லித் தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். வீடியோவே கிடைக்கிறது. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்து வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் என் மனம் அடிக்கடி போய் நிற்கிற இடம் வேறு. அது வயிற்றுப் பூச்சியைப் பற்றியது. சிரிக்க வேண்டாம்.

குழந்தைகள் அறுவைப் பிரிவுக்கு வருகிற யாரும் நாக்குப்பூச்சியைப் பற்றிக் கற்றுக்கொள்ள வருவதில்லை. இப்போது பள்ளிக்கூடத்திலேயே மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். மண்புழு நீளத்துக்கு வளர்ந்த பூச்சிகள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்து, அந்த வலியோடு ஒரு குழந்தை வருவது அபூர்வமாகிவிட்டது. அபூர்வம் என்றால் வராது என்று அர்த்தமில்லை. உங்கள் காலத்திலும் ஒரு குழந்தை வரும்.

அப்படி வருகிற குழந்தைகளில் பெரும்பாலானவர்களைக் கத்தி வைக்காமலே அனுப்பிவிடலாம். வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல், மூக்கில் குழாய் போட்டு, டிரிப் ஏற்றி, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், "வெட்டறதுக்கு எப்பவும் நேரம் இருக்கு, வெட்டினதைத் திருப்பி வைக்க நேரம் கிடையாது" என்பார். திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் காத்திருந்தேன். அடைப்பு தானாக விலகிப் பூச்சியெல்லாம் வெளியே வந்த மறுநாள் காலையில் அவன் என்னிடம் பரோட்டா கேட்டான். வார்டே சிரித்தது. அந்தப் பையனை நினைத்துக்கொண்டுதான் ஆஃப்ரினுக்கும் நான் காத்திருந்தேன்.

ஆஃப்ரினுக்கு ஐந்து வயது. தென்னூர்க் குழந்தை. அவளுடைய அத்தா அன்சாரி குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அம்மா பர்வீன் மண்ணச்சநல்லூரில் பிறந்தவள். பர்வீனுடைய அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். தென்னூர் வீட்டில் மாமியாரும் கொழுந்தனும் பர்வீனும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். இரண்டாவது குழந்தை ரியாஸ் அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வயிறு வீங்கி, கண் உள்ளே போய், உதடு காய்ந்து ஆஃப்ரின் வந்து சேர்ந்தாள். நான் அப்போது அறுவை அரங்கில் இருந்தேன். எங்கள் பிரிவில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர்தான் முதலில் பார்த்தார். அவர் பெயர் வேண்டாம். சோம்பேறியும் அல்ல, முரடரும் அல்ல. முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகாதவர். குழந்தைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்தார். டிரிப் போட்டார், குழாய் போட்டார், ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தார். குடலில் பூச்சி பந்தாகக் கிடக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததும் வெளியே வந்து, "குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

பர்வீன், "மெடிக்கல்ல பூச்சி மாத்திரை வாங்கிக் குடுத்தேங்க. அதுக்கப்புறம்தான் வயிறு இப்படி வீங்கிடுச்சு" என்றாள்.

"யாரைக் கேட்டும்மா குடுத்தீங்க? வயிறு பூரா பூச்சி இருக்கறப்ப மாத்திரை குடுத்தா எல்லாம் ஒண்ணாச் சுருண்டு அடைச்சுக்கும். இப்பப் பாருங்க, எங்க வந்து நிக்குதுன்னு."

அவ்வளவுதான் சொன்னார். பாடப் புத்தகத்தில் ஒரு மூலையில் இருக்கிற விஷயம்தான், அவர் கற்பனை செய்யவில்லை. சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார். மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார்.

நான் வந்து குழந்தையைப் பார்த்தேன். வயிறு உப்பியிருந்தாலும் கல்லாகவில்லை, காய்ச்சல் இல்லை, நாடி பரவாயில்லை. காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் பகலெல்லாம் குழந்தை தேறுகிற மாதிரிதான் இருந்தது. கொழுந்தனின் போனில் அத்தாவோடு பேசினாள். "அத்தா, மூக்குல குழாய் போட்டிருக்காங்க, நான் அழல" என்றாள். மூன்றாம் நாள் விடியற்காலை வயிற்றில் கை வைத்ததும் அவள் முகம் மாறியது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. உடனே அரங்குக்குக் கொண்டுபோனோம். பூச்சிகளின் கனத்தில் சிறுகுடல் முறுக்கிக்கொண்டு ஒரு பெரிய பகுதி கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தைத்தேன். ஆனால் அழுகிய குடலின் விஷம் அதற்குள் இரத்தத்தில் ஏறிவிட்டது.

நீங்கள் கேட்கப் போவதை நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். முதல் நாளே திறந்திருந்தால்? அதே குழந்தை அதே வயிறோடு இன்றைக்கு வந்தாலும் நான் காத்திருப்பேன். சரியான முடிவை எடுத்த பிறகும் ஒரு குழந்தை போகலாம். இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல.

அறுவை முடிந்த பின் வெளியே வந்து பேசினேன். நிலைமை மோசம் என்று மறைக்காமல் சொன்னேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாமியாரும் கொழுந்தனும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பர்வீன் எதிர்ச்சுவர் ஓரமாகத் தரையில் இருந்தாள். ரியாஸ் மாமியார் மடியில் அழுதுகொண்டிருந்தான். பால் கொடுக்க வேண்டிய தாய் நான்கடி தூரத்தில் இருக்க, அவர் குழந்தையைக் கொடுக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

என் அறைக்கு அவளைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள். "டாக்டரம்மா, நான் குடுத்த மாத்திரையாலதானா?"

இந்த இடத்தில் நம்மில் பலர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடுவோம். 'அப்படியெல்லாம் இல்லம்மா' என்று. அது அவளுக்கு உதவாது. அவளுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை, பதில் வேண்டியிருந்தது. எனக்கோ பதில் தெரியாது. ஏனென்றால் மாத்திரைக்கு முன்னால் என்ன நடந்தது என்று அதுவரை யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

"உக்காரும்மா" என்றேன். "மாத்திரையை விடு. அதுக்கு முன்னாடி புள்ள எப்படி இருந்தா? அதைச் சொல்லு."

அவள் நிதானமாகச் சொன்னாள். இரண்டு மூன்று நாளாகவே வயிறு வலிக்கிறது என்று வந்து வந்து மடியில் படுத்திருக்கிறாள் ஆஃப்ரின். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலை மாமியாரும் கொழுந்தனும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இவளும் குழந்தைகளும் மட்டும்.

"இட்லி வேணாம்னுட்டா. அப்புறம் வாந்தி எடுத்தா. பச்சையா, இலைச்சாறு மாதிரி இருந்துச்சுங்க. ரெண்டு தடவை எடுத்தா. ரெண்டாவது தடவை எடுக்கறப்ப பூச்சி ஒண்ணு வந்துச்சு. புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு முனையில இருக்கிற மெடிக்கலுக்கு ஓடினேன். அவர் மாத்திரை குடுத்தாரு. ஒண்ணு போட்டா சரியாயிடும்னாரு."

"வாந்தி பச்சையா வந்தது மாத்திரைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதாங்க. அது வந்ததாலதானே போனேன்."

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த மாத்திரையோ, மெதுவாக வேலை செய்வது. அவள் மருந்துக் கடைக்கு ஓடும்போதே குடல் அடைத்துக்கொண்டுவிட்டது.

அதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "அடைப்பு முதல்ல வந்திருக்கு பர்வீன். அதுக்கப்புறம்தான் நீ மாத்திரை குடுத்திருக்கே." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்ப விரும்புகிறவளின் பார்வை அது. ஆனால் நம்பவில்லை.

அந்த இளம் மருத்துவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் சும்மா சொன்னேன் மேடம். திட்டணும்னு சொல்லல" என்றார். "தெரியும்" என்றேன். "ஆனா அவங்க மாமியார் கேட்டுட்டாங்க. நீங்களே போய்ச் சொல்லணும், நானும் கூட வரேன்."

இரண்டு பேரும் போனோம். அவர் தயங்காமல் சொன்னார். "அம்மா, அன்னைக்கு நான் முழுசா விசாரிக்காம சொல்லிட்டேன். மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடியே அடைப்பு இருந்திருக்கு. உங்க மருமக மேல தப்பு இல்ல."

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனுஷி அல்ல. பேத்தியைத் தூக்கி வளர்த்தவர், அழுது அழுது குரல் போயிருந்தது. "அன்னைக்கு நீங்கதானே தம்பி சொன்னீங்க, மாத்திரையாலன்னு. இன்னைக்குப் புள்ள இப்படி ஆனதும் மாத்திச் சொல்றீங்க. இவ டாக்டரம்மா ரூம்ல போய் அழுதா, நீங்க இரக்கப்பட்டுச் சொல்றீங்க. பச்சையா வாந்தி எடுத்தாளாம். யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை, பர்வீனைத் தவிர. வார்டு வராந்தாவில் நின்று ஒரு நிமிடத்தில் சொன்னதை, அதற்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை முறை மாற்றிச் சொன்னாலும் முதலில் காதில் விழுந்ததுதான் நின்றது. அந்த இளைஞர் பிறகு மிக நல்ல அறுவை மருத்துவர் ஆனார். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். குழந்தைகளின் தாய்மாரிடம் அவர் பேசுவதைப் பார்த்தவர்கள் என்னிடம் வந்து புகழ்ந்து சொல்லியிருக்கிறார்கள். அவர் எதைக் கொடுத்து அதைக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆஃப்ரின் மறுநாள் மதியம் போய்விட்டாள்.

பர்வீன் சத்தம் போட்டு அழவில்லை. குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். திரையில் அன்சாரி, வேலை உடுப்போடு எங்கோ ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் பேச வேண்டும் என்றார். போனை வாங்கினேன்.

"டாக்டரம்மா, புள்ள ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"கடைசியில வலி தெரியாம மருந்து குடுத்துத் தூங்க வச்சிருந்தோம். தூக்கத்துலதான் போச்சு" என்றேன். அது உண்மை. உண்மையாக இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

அன்று பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. ஆண்கள் மையவாடிக்குத் தூக்கிப்போனதை அன்சாரி போனில் பார்த்தாராம். நாற்பதாம் நாள் துக்கம் முடியும் முன்பே, கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று சொல்லி, பர்வீனையும் கைக்குழந்தையையும் மண்ணச்சநல்லூருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வார்டு ஆயா ஒருவர் தென்னூர்க்காரர், அவர் மூலம் இது என் காதுக்கு வந்தது. ஆஃப்ரினுக்குப் பூச்சியே, அம்மாவோடு மண்ணச்சநல்லூருக்குப் போனபோது அங்கே மண்ணில் விளையாடியதால்தான் வந்தது என்றும் பேச்சாம். எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தென்னூரிலும் மண் இருக்கிறது, சாக்கடை ஓரமாகக் குடிநீர்க் குழாய் போகிறது.

அன்சாரிக்கு விடுமுறை கிடைக்க வெகு நாளாயிற்று. வந்த கையோடு என்னைப் பார்க்க வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா ஒண்ணு சொல்றாங்க. பர்வீனைக் கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா. நான்தான் குடுத்தேன்னு மட்டும் சொல்றா. நீங்க சொல்லுங்க. எனக்காக எதையும் மாத்தாம சொல்லுங்க."

தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொன்னேன். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்திருந்தால் அடைப்பு மாத்திரைக்கு முன்னால் வந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாந்தி எடுத்ததை நான் பார்க்கவில்லை. பர்வீன் சொன்னதுதான்.

"அவ சொல்றது மட்டும்தான் சாட்சியா?" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கேட்டார்.

"தம்பி, அவ எங்கிட்ட அதைச் சொல்றப்ப பச்சை வாந்தின்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாது. தன் மேல தப்பு இல்லைன்னு காட்டறதுக்காகச் சொல்லல. புள்ளைக்கு என்னாச்சுன்னு கேட்டேன், சொன்னா. தனக்கு அனுகூலமா ஒண்ணு சொல்றோம்னே தெரியாமத்தான் சொன்னா. அதனால நான் நம்பறேன்."

"தெரியாமயே சொன்னாளா" என்று மெதுவாகக் கேட்டார். "ஆமா" என்றேன். எழுந்து, "போயிட்டு வரேன் டாக்டரம்மா" என்று கைகுவித்துவிட்டுப் போனார். நேராகச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் மண்ணச்சநல்லூர் பஸ் ஏறினாராம். மனைவியையும் மகனையும் கூட்டிவந்து, தென்னூரிலேயே வேறு தெருவில் ஒரு வீடு பார்த்துக் குடிவைத்துவிட்டுத்தான் திரும்பக் குவைத்துக்குப் போனார். அவருடைய அம்மா அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

சில வருஷம் கழித்துப் பர்வீன் ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ரியாஸ். மெலிந்து, வெளிறி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்தள்ளி இருந்தான். பால்வாடியில் மாத்திரை கொடுக்கிற நாளில் அவனை அனுப்புவதில்லையாம். டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்டாளாம். இப்போது அவன் மலத்தில் பூச்சியைப் பார்த்துவிட்டாள்.

"இவனுக்கு மாத்திரை குடுக்கணும்னு தெரியுதுங்க" என்றாள். "என் கையால குடுக்க முடியல. ஜுர மருந்துகூட எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத்தான் குடுக்கச் சொல்றேன். இந்த மாத்திரையை அவங்ககிட்டயும் குடுக்க மனசு வரல. ஏதாவது ஆச்சுன்னா அவங்க பேர் கெட்டுடும். நீங்களே குடுத்துடுங்க டாக்டரம்மா."

வயிற்றைத் தடவிப் பார்த்தேன், ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். பயப்பட ஒன்றும் இல்லை. மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்துத் தண்ணீரில் கலந்து அவனுக்குக் கொடுத்தேன். அதற்குள் அவள் எழுந்து அறைக்கு வெளியே போய்விட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் பையனை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அவன் ஓடி விளையாட ஆரம்பித்து, பசிக்கிறது என்று அழுத பிறகுதான் கிளம்பினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு முறை பள்ளியில் மாத்திரை கொடுக்கிற நாளிலும் அவனுக்கு லீவு போட்டு என்னிடம் கூட்டி வருவாள். ஒருமுறை, காலம் ஆகிவிட்டதே என்று நினைத்து, கலந்த மருந்தை ஸ்பூனோடு அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பையன் வாயைத் திறந்து காத்திருந்தான். அவன் வாய் வரைக்கும் போகாமலே ஸ்பூன் சாய்ந்து மருந்து மேசையில் சிந்தியது. "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, தன் புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு மாத்திரையை எடுத்துப் பொடித்து நானே கொடுத்தேன். அதற்குப் பிறகு ஸ்பூனை அவளிடம் நீட்டவே இல்லை. சில காயங்களை ஆற்ற முயலாமல், அவற்றின் மேல் கை படாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

நான் ஓய்வு பெறப்போவதை அவளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப இவனுக்கு யாருங்க குடுப்பாங்க?" வார்டில் யார் இருந்தாலும் கொடுப்பார்கள், நான் சொல்லி வைக்கிறேன் என்றேன். அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் வருவாள். பையன் இப்போது நன்றாக வளர்ந்திருப்பான், மாத்திரையைத் தானே மென்று விழுங்குகிற வயசு. "இதை வீட்டுலயே குடுக்கலாமேம்மா, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர்களை உட்காரச் சொல்லுங்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், பிறகு உங்கள் கையால் கொடுங்கள். அவள் வெளியே முதுகைக் காட்டி நின்றிருப்பாள். அவன் விழுங்கியதும் அவளிடம் போய், "முடிஞ்சதும்மா" என்று சொல்லுங்கள். அவள் உடனே திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரம் அவளோடு கூட நில்லுங்கள்.